கொடிகாமம் சந்தியில் கஜந்தினியின் முகம்

பருத்தித்துறை
மே 11

தம்பி குகதாசனுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாதவனுக்கு அவ்வளவு சத்தம் வராது. அப்பாவின் ஆட்டைத் திவசத்தன்று என் முற்றத்தில் நின்று நீ போட்ட சத்தம் பின் ஒழுங்கை வரைக்கும் கேட்டிருக்கிறது. முருங்கைக்காய் விற்க வந்தவள்கூட மறுநாள் என்னிடம் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தாள். "உங்கடை வாசல்படி இனி மிதிக்கமாட்டன்" என்று கையை வேறு நீட்டிச் சொன்னாய். கொடிகாமம் போய்ச் சேருமுன்னமே போனில், வைபரிலும் என்னைத் தடுத்துவிட்டாய். அதனால்தான் முத்திரை ஒட்டி எழுதுகிறேன். தபால்காரரைத் தடுக்க உன்னால் முடியாது.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? செத்துப்போன மனிசனின் முதலாவது திவசம். ஒரே பேத்தி கஜந்தினி வரவில்லை. கேட்டேன். "அவளுக்கு மாதிரிச் சோதனை, அக்கா. அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் வருசம்" என்றாய். அப்பப்பாவின் படத்துக்கு ஒரு பூ வைக்கப் பத்து வயதுப் பிள்ளைக்கு நேரமில்லை. உன் மனைவி கலாவும் வரவில்லை. பிள்ளை எழுதும்போது தாய் பக்கத்தில் நிற்கவேணுமாம். அதற்குத்தான் கேட்டேன், "நீ பிள்ளை வளர்க்கிறியோ, சவாரி மாடு வளர்க்கிறியோ?" என்று. பந்தியில் இருந்த இரண்டுபேர் சிரித்துவிட்டார்கள். உனக்குக் கோபம் என் கேள்வியில் இல்லை, அந்தச் சிரிப்பில்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னது பிழைதான். சவாரி மாட்டை ஓட்டம் முடிய அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் காட்டுவார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஓகஸ்டில் சோதனை முடிந்ததும் பிள்ளையை ஒரு கிழமை என்னிடம் விடு. கடலில் கால் நனைக்கட்டும். நீ வரவேண்டாம், உன் சபதம் பத்திரமாக இருக்கட்டும். நிருஷன் வந்து ஏற்றிவருவான்.

அக்கா
தயாளினி


கொடிகாமம்
மே 19

அக்கா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்திலும் முத்திரை ஒட்டுகிறவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் புத்தி சொல்வது நல்ல பொருத்தம்.

உங்கள் வீட்டுப் படிப்பின் பலனை ஊரே பார்க்கிறது. உங்கள் மகன் நிருஷன் பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு பெட்டிக்கடையில் இருந்து மற்றவர்களின் போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறான். அவனுக்குச் சோதனை வந்த வருடம் நீங்கள் என்ன செய்தீர்கள்? கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை கோயிலில் விட்டீர்கள். பட்டம் ஏற்ற விட்டீர்கள். "தெரிஞ்சதை எழுதிப்போட்டு வா ராசா" என்று அனுப்பினீர்கள். அவனும் தெரிந்ததை எழுதிவிட்டு வந்தான். இப்போது கண்ணாடி ஒட்டுகிறான்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேளுங்கள். கலா சங்கக்கடை வேலையை விட்டுவிட்டாள். ரீவிக்கு உறை போட்டுக் கட்டியாயிற்று. பூனை காலுக்குள் வந்து பிள்ளையின் கவனத்தைக் குழப்புகிறது என்று அதைக் கொண்டுபோய்ச் சந்தைக்குப் பின்னால் விட்டேன். காலையில் வல்லாரைச் சம்பல், பின்னேரம் வல்லாரைக் கஞ்சி. பள்ளிக்கூடம் விட்டால் சிவகரன் சேரின் ரியூசன். அது முடிந்தால் வீட்டில் பழைய வினாத்தாள்கள். அவள் எழுதும்போது கலா தோளுக்குப் பின்னால் நிற்பாள். பென்சில் பிழையான விடைக்குப் போனால் புள்ளடி விழுமுன்னமே கலாவுக்குத் தெரிந்துவிடும். ஒரு பிழையையும் அவள் தாண்டவிட்டதில்லை. இப்படி ஒரு தாய் யாருக்குக் கிடைக்கும்?

எனக்கு இந்த வயது வந்தபோது அப்பா என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போய்த் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் இருத்தினார். எனக்குப் பின்னால் ஒருவரும் வந்து நிற்கவில்லை. நீங்களும் நிற்கவில்லை. என் பிள்ளை அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் இருக்கமாட்டாள். யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில், வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, முன்வாங்கில் இருப்பாள். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் சவாரி மாட்டுக் கதையைத் திரும்பவும் சொல்லுங்கள்.

கடலைப் பற்றிச் சோதனை முடியப் பார்ப்போம்.

குகதாசன்


கொடிகாமம்
ஓகஸ்ட் 14

அக்கா அவர்களுக்கு,

நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதால் நானாகவே சொல்கிறேன். கஜந்தினி சோதனை எழுதிவிட்டாள். அன்று பின்னேரமே சிவகரன் சேர் எங்கிருந்தோ அந்த வினாத்தாளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளையை முகம் கழுவவைத்து, திரும்பவும் மேசையில் இருத்தி, காலையில் எழுதியதை அப்படியே எழுதுவித்து, தன் கையால் திருத்தினார். இருநூறுக்கு நூற்று அறுபத்தெட்டு! சேர் எழுந்து நின்று என் கையைப் பிடித்தார். கலா அழுதுவிட்டாள். வெட்டுப்புள்ளி எவ்வளவு கூடினாலும் இதைத் தொடமுடியாது.

உங்களுக்கு உலகம் தெரியாது என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். முடிவு வந்தால் அன்றைக்கு வாழ்த்துப் பனர் அடிக்கிற கடைகளில் கால்வைக்க இடமிருக்காது. போன வருடம் நாலு நாள் பிந்திக் கட்டிய பனரை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் முந்திவிட்டேன். பனர் இப்போதே அடித்து, சுருட்டி, என் தேங்காய்க் கடைக்குள் வைத்திருக்கிறேன். கஜந்தினியின் படம், பக்கத்தில் 168, கீழே எங்கள் பெயர். முடிவு வருகிற அன்றே சந்தியில் முதலாவதாக ஏறும். கனடாவிலிருக்கிற கலாவின் தமையன் படத்தைப் பார்த்துவிட்டு, "உது கல்வெட்டு மாதிரி நிக்கும்" என்றார்.

கடலுக்கு அனுப்ப வசதிப்படாது. ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் தொடங்கியாயிற்று.

குகதாசன்


பருத்தித்துறை
ஓகஸ்ட் 21

தம்பி,

முடிவு வருமுன் பனர் அடித்த முதல் மனிதன் நீயாகத்தான் இருப்பாய். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு அறிவாளி பிறந்ததைப் பார்க்க அப்பா இல்லை. கல்வெட்டு செத்தவரின் அந்தியேட்டிக்கு அடிக்கிற புத்தகம் என்று கனடாக்காரருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

காலை முழுக்கச் சோதனை எழுதி வந்த பிள்ளையைத் திரும்பவும் இருத்தி எழுதுவித்திருக்கிறாய். அதையும் பெருமையாக எனக்கு எழுதியிருக்கிறாய். நெல் குற்றுகிற மெசினைக்கூட ஆறவிடுவார்கள்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சேர் கையைப் பிடித்தார், கலா அழுதாள், நீ பனர் அடித்தாய். பிள்ளை என்ன செய்தாள் என்று ஒரு வரி இல்லை. அவள் சாப்பிட்டாளா?

அக்கா


பருத்தித்துறை
செப்ரெம்பர் 5
(நிருஷன் கையில்)

தம்பி,

முதலில் இதைப் படி. கஜந்தினி இங்கே இருக்கிறாள். சுகமாக இருக்கிறாள். கலாவிடம் இப்போதே சொல்லு. உன்னை அழைத்தால் மணி போகவில்லை, கலாவின் போனும் அணைந்து கிடக்கிறது. அதனால் நிருஷன் கடையைப் பூட்டிவிட்டு இதைக் கொண்டுவருகிறான். அவனுக்கு ஒரு வாய் தண்ணீராவது கொடு.

காலையில் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். படலையடியில் வெள்ளைச் சட்டை. இரண்டு பின்னல், கழுத்துப்பட்டி, முதுகில் அவளைவிடப் பெரிய புத்தகப்பை. "என்னடி, பள்ளிக்கூடம் இல்லையோ?" என்று கேட்டேன். "இருக்கு மாமி" என்றாள். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "சந்தியிலை என்னைத் தொங்கவிட்டிருக்கினம்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். நேற்று முடிவு வரப்போகிறது என்று கதை அடிபட்டதும், ரியூசன் பெடியள் வந்து உன் பனரைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சந்தியில் கட்டிவிட்டார்களாம். அதற்குப் பிறகுதான் போனில் முடிவு திறந்ததாம். நூற்றுப் பதினொன்று. கலா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாளாம். நீ போனை அணைத்துவிட்டாயாம். விடிய எழுப்பி, தலையிழுத்து, வழமைபோலப் பள்ளிக்கூடம் அனுப்பினீர்களாம். சந்தியில் வந்து நிமிர்ந்தால் அவளுடைய முகம், பக்கத்தில் 168. கூடப் படிக்கிற பெட்டை ஒருத்தி, "உது வேறை ஆரோ கஜந்தினியோ?" என்று கேட்டாளாம். பருத்தித்துறை பஸ் பக்கத்தில் நின்றது. பிள்ளை ஏறிவிட்டாள். இடைவேளைக்கு வடை வாங்கக் கொடுத்த காசில் ரிக்கெற் எடுத்திருக்கிறாள்.

பத்து வயதுப் பிள்ளை தனியாகப் பஸ்ஸில். நடுவழியில் இறங்கியிருந்தால்? நீயே நினைத்துப் பார்.

இன்று வெள்ளிக்கிழமை, பருப்பும் கத்தரிக்காயும்தான் வைத்தேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். இப்போது நித்திரை.

அக்கா


கொடிகாமம்
செப்ரெம்பர் 5
(நிருஷன் கையில்)

அக்கா,

நிருஷன் படலைக்குள் வரும்வரைக்கும் நாங்கள் அவளைப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கலா அந்த இடத்திலேயே இருந்துவிட்டாள். இன்னும் எழும்பவில்லை.

பிள்ளையை நிருஷனோடு அனுப்பிவிடுங்கள். நான் வரமாட்டேன். வாசல்படி மிதிப்பதில்லை என்று அத்தனைபேருக்கு முன்னால் சொன்னவன் நான். உங்களுக்கு இது வாய்ப்பாகப் போய்விட்டது. திவசத்தில் சிரித்தவர்களை எல்லாம் கூப்பிட்டுப் பாயாசம் வையுங்கள்.

பனரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது இறங்காது. மீள்திருத்தத்துக்குப் போட்டிருக்கிறோம். நூற்று அறுபத்தெட்டு எடுக்கிற பிள்ளைக்கு நூற்றுப் பதினொன்று வராது, எங்கோ கூட்டல் பிழைத்திருக்கிறது என்று சேர் அடித்துச் சொல்கிறார். இன்றைக்கு இறக்கினால் நாங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். நாளைக்குத் திருத்தி வந்தால் எந்த முகத்தோடு திரும்பக் கட்டுவது? நான் கடை திறக்கவில்லை. சந்திப்பக்கமே போகவில்லை. ஆனால் பனர் இறங்காது.

நாங்கள் என்ன குறை வைத்தோம்? நீங்கள் சொல்லுங்கள். தாய் வேலையை விட்டாள். நான் ஒரு கலியாண வீட்டுக்குப் போகவில்லை. அவளுக்குத் தேவையில்லாத ஒன்றையும் வீட்டுக்குள் விடவில்லை. இதற்கு மேல் ஒரு பிள்ளைக்கு எப்படி உதவி செய்வது? சோதனை எழுதியவள் அவள். அங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டு எழுதுங்கள்.

குகதாசன்


பருத்தித்துறை
செப்ரெம்பர் 7
(நிருஷன் கையில்)

தம்பி,

கேட்டேன். சொன்னாள். ஆறுதலாக இருந்து படி, கலாவையும் பக்கத்தில் இருத்து.

நேற்று அவளை மீன்சந்தைக்குக் கூட்டிப்போனேன். ஒட்டி மீன் குவிந்து கிடந்தது. "எதை எடுப்பம், நீ சொல்லு" என்றேன். அவள் மீனைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தபடியே ஒரு மீனில் விரலை வைத்தாள். நான் வாயே திறக்கவில்லை. ஆனாலும் விரலை எடுத்து அடுத்ததில் வைத்தாள். அதையும் விட்டாள். கடைசியில், நான் மனதுக்குள் எடுத்துவைத்திருந்த அதே மீனில் விரல் வந்து நின்றது. மீன்காரி "கெட்டிக்காரப் பிள்ளை" என்றாள்.

வருகிற வழியில் கேட்டேன், "எப்பிடியடி கண்டுபிடிச்சனி?"

"உங்கடை கண் சிரிச்சது மாமி" என்றாள். ஏதோ கைவேலை சொல்லித்தருகிறவள்போல மேலே சொல்லிக்கொண்டு வந்தாள். "அம்மா எண்டால் இன்னும் லேசு. பிழையான விடையிலை பென்சிலை வச்சால் மூச்சை உள்ளுக்கு இழுப்பா. சரியெண்டால் மூச்சு விடுவா. அண்டைக்குச் சேர் திரும்ப எழுதுவிச்ச நேரமும் அம்மா பின்னாலை நிண்டவா."

"அப்ப சோதனையிலை?"

"சோதனை மண்டபத்திலை ஆர் மாமி மூச்சு விடுறது?"

இதுதான் உன் நூற்று அறுபத்தெட்டு. அதில் எவ்வளவு கலாவுடையது என்று உன் சேரிடம் கொடுத்துக் கழித்துப் பார். நீ விண்ணப்பம் போட்டு ஒருவரும் எதையும் திருத்தவேண்டாம். நூற்றுப் பதினொன்றுதான் அந்தப் பிள்ளை தன் கையால் எடுத்த புள்ளி. பக்கத்தில் ஒருவருமில்லாமல், பயந்து பயந்து, தானாக எடுத்தது. அதற்கு அவளை யாராவது ஒரு தரம் தூக்கிக் கொஞ்சினீர்களா?

என்ன குறை வைத்தோம் என்று கேட்டிருக்கிறாய். ஒரு குறையும் வைக்கவில்லை. பிழைவிட ஒரு பொட்டு இடமும் வைக்கவில்லை. இரண்டு வருடமாக நீங்கள் அவளுக்குப் படிப்பித்தது உங்கள் முகங்களைத்தான். அதில் அவள் திறமாகச் சித்தியடைந்துவிட்டாள். இப்போது எதற்கும் அது வேணும். தலைக்கு எண்ணெய் வைக்கட்டோ என்று கேட்டாலும் முகத்தைப் பார்க்கிறாள். பசிக்குதோ என்று கேட்டாலும் பார்க்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. உன்மேல் கோபமும் வருகிறது, அதைவிடப் பயமாக இருக்கிறது. நாளைக்கு இவள் வளர்ந்து எவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாளோ?

இன்றைக்குத் திரும்பவும் சந்தைக்குப் போனோம். மீனுக்கு முன்னால் அவளை விட்டுவிட்டு நான் மறுபக்கம் திரும்பி நின்றேன். "மாமி" என்றாள். நான் திரும்பவில்லை. "மாமி, இதை எடுக்கட்டோ?" என்றாள். வாழைக்குலை ஏற்றிய வண்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, மீன்காரி பேசத் தொடங்கிவிட்டாள். கடைசியில் பிள்ளை ஒரு மீனைத் தூக்கிப் பைக்குள் போட்டாள். நாறல் மீன், தம்பி. பையைத் திறக்கவே மணம் வந்தது. ஒன்றும் சொல்லாமல் காசைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து வெட்டினால் பக்கத்து வீட்டுப் பூனையும் மணந்துபார்த்துவிட்டுப் போய்விட்டது. என் மகன் நிருஷன், உன் கண்ணாடி ஒட்டுகிறவன், மூக்கைப் பொத்திக்கொண்டு வளவைச் சுற்றி ஓடினான். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் சிரித்தாள். "நாளைக்குச் செவுளைத் தூக்கிப் பாத்து வாங்கிறன் மாமி" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற மனிசி ஒருத்தி அப்படிப் பார்த்ததைக் கண்டிருக்கிறாள்.

அந்தப் பனர் நிற்கும்வரை நான் அவளை அந்தச் சந்தியைத் தாண்டி அனுப்பமாட்டேன். அவளும் வரமாட்டாள். உனக்குப் பிள்ளை வேணுமோ, 168 வேணுமோ என்று யோசி. வாசல்படி மிதிக்கவேண்டாம். படலைக்கு வெளியே நிற்கிற இடம் பிரதேச சபையுடையது. உன் சபதம் அங்கே செல்லாது.

அக்கா


கொடிகாமம்
செப்ரெம்பர் 10

அக்கா,

வைபரில் உங்கள் தடையைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதை எழுதித்தான் அனுப்பவேண்டும்போல் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் என் வாயால் இது வராது.

உங்கள் கடிதத்தை நான் வாசிக்க வாசிக்கக் கலா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூச்சு இடம் வந்ததும் அவள் மூச்சை உள்ளுக்கு இழுத்தாள். எனக்கே கேட்டது. இரண்டுபேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இத்தனை நாள் அந்த மேசையில் நானும் இருந்தவன்தான், எனக்குக் கேட்கவில்லை.

பனரை நேற்று இறக்கினேன். காலைச் சந்தை முட்டக் கூடியிருந்த நேரம், கடை ஏணியைக் கொண்டுபோய் நானே ஏறினேன். கலா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேர் போன் எடுத்து, "அவசரப்படாதேங்கோ, மீள்திருத்தம் வரட்டும்" என்றார். "உங்களுக்கு இன்னும் எத்தினை பனர் வேணும் சேர், இதைக் கொண்டுபோய்ப் பின்பக்கத்திலை அடுத்த பிள்ளையை அடியுங்கோ" என்றேன். இனி அந்த ரியூசனுக்குப் பிள்ளை போகாது. சந்தையில் நாலுபேர் சிரித்தார்கள், சிரிக்கட்டும். சுருட்டிக் கடைக்குள் கொண்டுவந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. தேங்காய்க் குவியலை மூடலாம் என்றால், பிள்ளையின் முகமல்லவா. கலா கத்தரிக்கோலை எடுத்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். 168 இப்போது குவியலுக்கு மேலே கிடக்கிறது.

பின்னேரம் உங்கள் படலைக்கு வந்தேன். நீங்கள் கோயிலுக்குப் போயிருப்பதாக நிருஷன் சொன்னான். வேணுமென்றேதான் போயிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். நான் பிரதேச சபையின் நிலத்தில் நின்றேன். கஜந்தினி உள்பக்கத்தில் நின்றாள். அவள் கால் முழுக்க மணல். "அப்பா வந்திருக்கிறன். வீட்டை வாறியோ?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், அக்கா. அந்தப் பார்வையை நான் ஆயிரம் தரம் பார்த்திருப்பேன். எங்கள் பிள்ளைக்கு எங்கள்மேல் எவ்வளவு பட்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தில் விடை தேடுகிறாள். அது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. என் முகத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியும். வா, வா, வா என்று எழுதியிருந்தது. இன்னும் கொஞ்சம் பார்த்தால் "ஓம்" என்று சொல்லிவிடுவாள்.

நான் திரும்பி ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதிர்வீட்டு மதில், ஒரு சைக்கிள், அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அவளுக்குத் தெரிந்திராது. பிறகு முதுகுக்குப் பின்னால் அவளுடைய குரல் கேட்டது.

"இண்டைக்கு வரேல்லை அப்பா. சனிக்கிழமை வாறன்."

பிறந்த நாளிலிருந்து அவள் எனக்குச் சொன்ன முதலாவது "வரேல்லை". கலாவிடம் சொன்னேன். "சரியாத்தானே சொல்லியிருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு அழுதாள். ரீவியின் உறையைக் கழற்றியிருக்கிறாள். பூனையைத் தேடிச் சந்தைக்குப் பின்னால் போனேன், கிடைக்கவில்லை. அதற்கு அவளிடம் நான்தான் பதில் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை கலாவும் நானும் வருகிறோம். படலையோடு நிற்கமாட்டோம், உள்ளே வருகிறோம். சிரித்தவர்களையும் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். சோறு வையுங்கள். மீனைக் கஜந்தினியே போய் வாங்கட்டும், நீங்கள் திரும்பி நில்லுங்கள். நாறினாலும் நான் சாப்பிடுவேன்.

தம்பி
குகதாசன்